தம்பி பிடித்த பூசணி உருண்டை

சனிக்கிழமை மத்தியானம் கதவைத் திறந்தால் என் தம்பி நின்றுகொண்டிருந்தான். கக்கத்தில் ஒரு மஞ்சள் பூசணிக்காய். கைக்குழந்தையைத் தூக்கி வந்தவன் மாதிரி அதன் தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தான். வெளியே நல்ல குளிர்காற்று. தெருமரங்கள் இலையைக் கொட்டும் காலம் என்பதால் பழுத்த இலை ஒன்று அவன் முடியில் சிக்கியிருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா, உன் மிக்ஸி வேலை செய்யுதா?" என்றான்.

என்னை விட்டுவிட்டு மிக்ஸியை நலம் விசாரித்ததிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கும் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்பதால் நானும் அந்தப் பேச்சை விட்டுப் பல வருஷம் ஆகிறது. பேக்கரி வேன் ஓட்டுகிறான். விடிவதற்குள் ரொட்டி, பன், கேக் எல்லாம் ஏற்றிக் கடை கடையாக இறக்கிவிட்டு, உடைந்தது நசுங்கியதை வாயில் போட்டுக்கொண்டே வீடு திரும்புவான். என் வீட்டுக்காரர் அவனுக்கு வைத்த பெயர் பன்னு. கன்னமும் அதற்கு ஏற்றாற்போல் இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை பார்ப்பதால், சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் சனி, ஞாயிறில்தான் இறக்குவார். பூசணிக்காயைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்தார்.

"வா பன்னு. உள்ள கூட்டிட்டு வா, வாசல்லயே நிக்குதே. வெட்கமா அதுக்கு?"

"கிண்டல் பண்ணாதீங்க அத்தான். இதுல ஸ்வீட் பண்ணணும். சர்க்கரை போடாம. அவன்ல வைக்காம."

"எவன்ல வைக்காம?"

"ரொட்டி சுடற அவன், அத்தான்!"

"அதைச் சொல்றியா. எங்க வீட்டு அவன்ல உங்க அக்கா பழைய வாணலியைத்தான் அடுக்கி வெச்சிருக்கா. கவலைப்படாம பண்ணு."

கிழிந்த பேன்ட் ஒன்றுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்த நான், தையல் மெஷினை விட்டு எழுந்தேன். "திடீர்னு என்னடா உடம்பு மேல இவ்வளவு அக்கறை?"

விஷயத்தை இழுத்து இழுத்துச் சொன்னான். முக்கு மருந்துக்கடையில் போன மாதம் சர்க்கரை சோதித்துப் பார்த்தார்களாம். விளிம்பில் இருக்கிறதாம். அப்படியே பிரஷரும் பார்த்தார்களாம். அது கொஞ்சம் ஏறியிருந்ததாம். அதனால் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

"யாரு சொன்னது?"

"அவங்கதான்."

"எவங்க?"

"அதான், மருந்துக்கடையில இருக்காங்களே, அவங்க. கண்ணாடி போட்டுட்டு. ரொம்பப் பொறுமையாப் பேசுவாங்க. தனியாத்தான் இருக்காங்க."

"தனியா இருக்காங்களான்னு நான் கேட்கவே இல்லையே," என்றேன்.

என் தம்பிக்கு அவன் முதலாளியே 'அந்த ஆளு'தான். எங்கள் வீட்டைத் தாண்டினால் மரியாதை என்பது அவன் வாயில் நுழையாத பொருள். அப்பேர்ப்பட்டவன் ஒரே மூச்சில் நாலைந்து 'ங்க' போட்டதும் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"தினமும் கேக் நடுவுல இருக்கேன், எப்படிங்க இனிப்பை விடறதுன்னு கேட்டேன்," என்றான் பூசணியிடம். "உடம்புக்கு ஒத்துக்கற இனிப்பா வீட்லயே செஞ்சு சாப்பிடுங்கன்னாங்க. எனக்குச் செய்ய வரும்னேன். அப்ப கொண்டு வந்து காட்டுங்கன்னாங்க."

"உனக்கு வெந்நீர் வைக்கவே வராதே?"

"அதான் இங்க வந்தேன்."

என் வீட்டுக்காரருக்கு பிரஷர் உண்டு, அதனால் வீட்டிலேயே மெஷின் இருக்கிறது. "முதல்ல கையை நீட்டு," என்று பட்டையைச் சுற்றினார். பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் பிரஷர் மாதிரி அத்தனை சரியாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் மெஷினைப் பெட்டிக்குள் வைத்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அத்தான், ஏதாவது சொல்லுங்களேன்."

"ஒண்ணுமில்லப்பா. எங்க வீட்டு மெஷினுக்குக் கண்ணாடி இல்ல, அதான் சரியாத் தெரியல போல."

சமையலறைக்கு ஓடிவிட்டான்.

பூசணியை அவனே வெட்டினான். கத்தி உள்ளே சிக்கிக்கொண்டு, காயோடு கத்தியைத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் காய் பிளந்தது. தோல் சீவி, வேகவைத்து, மசித்து, நான் சொல்லி முடிப்பதற்குள் பேரீச்சம்பழத்தையும் வறுத்த ஓட்ஸையும் அதன் தலையில் கொட்டிவிட்டான். உருண்டை பிடித்தான். தட்டில் வைத்ததும் முதல் உருண்டை மெல்லச் சரிந்தது. இரண்டாவது அதன்மேல் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்க ஒரே குழம்பு.

"பாவம், தூங்கட்டும் விடு," என்றார் என் வீட்டுக்காரர் சமையலறை வாசற்படியில் நின்றபடி. "காலையிலிருந்து அலைஞ்சிருக்குங்க."

தம்பி சிரிக்கவில்லை. கையெல்லாம் மஞ்சளாக, தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "நாளைக்குக் கொண்டு வரேன்னு சொல்லிட்டேன்கா," என்றான் சின்னக் குரலில்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்த அன்று இப்படித்தான் நின்றான்.

"நகரு," என்றேன். மீதிப் பூசணியைத் தண்ணீர் விடாமல் ஆவியில் வேகவைத்தோம். என் துணிக்கூடையிலிருந்து சுத்தமான மல் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதில் கட்டிப் பிழியச் சொன்னேன். பிழிந்த விழுதை வாணலியில் போட்டு, அதில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறினான். அது ஆறியதும் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், வறுத்துப் பொடித்த ஓட்ஸ், ஒன்றிரண்டாக இடித்த வாதுமை, துளி உப்பு, பட்டைத்தூள். பட்டைத்தூள் போடும்போது அவன் கை தாராளமாகிவிட்டது. தடுப்பதற்குள் விழுந்துவிட்டது.

இந்த முறை பிடித்த உருண்டை பிடித்தபடி நின்றது. தேங்காய்த்துருவலில் புரட்டி, பெட்டியில் அடுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்தோம். "ருசி பார்க்கறேன்" என்று ஆளுக்கு ஒன்று எடுத்தோம். தம்பி மட்டும் ஒவ்வொரு உருண்டையையும் தனித்தனியாக ருசி பார்த்தது போல் இருந்தது.

மறுநாள் அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். "அக்கா, நீயும் வாயேன். நீயே கொடுத்துடேன்."

"வரேன். கொடுக்க மாட்டேன். எனக்குத் தொண்டைக்கு மிட்டாய் வாங்கணும்."

மருந்துக்கடை சின்னதுதான். மூன்று பக்கமும் கண்ணாடி அலமாரி, ஓரத்தில் எடை பார்க்கும் மெஷின், கவுன்டருக்குப் பின்னால் அவள். மூக்குக் கண்ணாடி, பின்னால் இழுத்துக் கட்டிய முடி, வெள்ளை மேல்கோட்டு. இருமல் மருந்து கேட்ட ஒருவருக்கு எப்போது, எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையாகவே பொறுமையான குரல்.

தம்பி வரிசையில் நின்றான். பின்னால் வந்த பெண்ணுக்கு "நீங்க போங்க" என்று வழிவிட்டான். அடுத்து வந்தவருக்கும் விட்டான். கடைசியில் வழிவிட ஆளே இல்லாமல் போய் அவன் முறை வந்தது. பெட்டியை நீட்டுவான் என்று பார்த்தால் கையை நீட்டினான்.

"பிரஷர் பார்க்கணுங்க."

அவள் பட்டையைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "மறுபடியும் ஏறியிருக்கே. நீங்க இதை இப்படியே விடக் கூடாது. டாக்டர்கிட்ட போயே ஆகணும். வீட்ல சொல்லியிருக்கீங்களா?"

அவள் நிஜமாகவே பயந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"நான் இவனோட அக்காங்க," என்றேன். "நேத்து எங்க வீட்டு மெஷின்ல பார்த்தோம். அங்க சரியா இருக்கு. இங்க வந்தாத்தான் ஏறுது."

அவள் தம்பியைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், மறுபடி தம்பியைப் பார்த்தாள். தம்பி எடை மெஷினை ஆராய்ந்துகொண்டிருந்தான். அவன் காது இரண்டும் வெந்த பூசணி நிறத்துக்கு வந்திருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அவள் காதும் சிவந்தது.

"அப்படியா," என்றாள் கடைசியில். "அப்ப கடையோட குறையாத்தான் இருக்கும்."

பட்டையை அவிழ்த்தாள். "அந்தப் பெட்டி என்ன, எனக்கா? இல்ல, அதுக்கும் பிரஷர் பார்க்கணுமா?"

என் தம்பிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெட்டியைத் திறந்து வைத்தான். அவள் ஒரு உருண்டையை எடுத்துப் பாதி கடித்து, நிதானமாக மென்றாள். நாங்கள் இருவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல் நின்றோம்.

"நல்லா இருக்கு. பட்டை கொஞ்சம் தூக்கல்." மீதியையும் போட்டுக்கொண்டாள். "இனிப்புக்கு என்ன போட்டீங்க?"

"பேரீச்சம்பழம். சர்க்கரையே இல்லைங்க!"

"பேரீச்சம்பழத்துலயும் சர்க்கரைதாங்க இருக்கு. ஓட்ஸும் கொட்டையும் இருக்கறதால கேக்குக்கு இது எவ்வளவோ மேல். ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. நேத்து நீங்க எத்தனை சாப்பிட்டீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் தொண்டை மிட்டாய்ப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

"ஒண்ணு... ரெண்டு..." என்று ஆரம்பித்தான்.

"எண்ணச் சொல்லலைங்க," என்றாள் அவள். எனக்கு அவளை அந்த நொடியில் பிடித்துப்போயிற்று.

முதல் தட்டு உருண்டை சரிந்து குழம்பான கதையை அவளிடம் சொன்னேன். பேரீச்சம்பழத்தைப் பாதியாகக் குறைத்து, பூசணி விதையை வறுத்துச் சேர்த்தால் நன்றாக வரும் என்று சொன்னாள். "விதையை என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். குப்பையில் போட்டோம் என்றதும், என்னவோ நகையைத் தொலைத்தவர்களைப் பார்ப்பது போல் எங்களைப் பார்த்தாள்.

"அடுத்த ஞாயிறு நீங்களே வந்து சொல்லிக்கொடுங்களேன்," என்று நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனே திடுக்கிட்டான்.

அவள் மிச்ச உருண்டைகளைக் கணக்காகப் பார்த்து மூடியைப் போட்டாள். "வரேன். ஆனா காயை நான் வாங்கிட்டு வருவேன். உங்க கைக்குத் தண்ணிக்காயாத்தான் மாட்டும் போல."

சொன்னபடி வந்தாள். மெரூன் ஸ்வெட்டர், கையில் சின்னதாக, கெட்டியாக ஒரு பூசணி. என் வீட்டுக்காரர் ஒரு வாரமாகக் கேலிப்பேச்சைச் சேர்த்து வைத்திருந்தார். "இவன் எந்தச் சமையலறையிலயும் இவ்வளவு நேரம் நின்னதே இல்லைங்க," என்று தொடங்கினார்.

"நீங்க நின்னிருக்கீங்களா?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள். அவர் கையில் பேரீச்சம்பழத் தட்டு வந்து சேர்ந்தது. அன்று முழுக்கக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

உருண்டைகள் இந்த முறை அருமையாகவே வந்தன. வறுத்த விதை நடுநடுவே கடிபட்டது. சாப்பிட்டு முடித்ததும் தம்பி பாத்திரம் கழுவப் போனான். அவள் துடைத்து வைக்கிறேன் என்று கூடவே போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் இரண்டு பேரும் வெளியே வரவில்லை. அவன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். என்னிடம்கூட அத்தனை பேச்சுப் பேசியதில்லை. நடுநடுவே அவள் சிரிப்பது கேட்டது.

"நாலு பாத்திரம் கழுவ எவ்வளவு நேரம்டா..." என்று என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார்.

நான் அவர் வாயைப் பொத்தினேன்.