தங்கை குறைத்த பதினெட்டு கிலோ

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கட்டுரையாகத்தான் ஆரம்பித்தது. எடை கூடியவர்கள் அதிகமுள்ள நாடுகளில் கொள்ளைநோய்ச் சாவும் அதிகம் என்று எங்கோ படித்தேன். 'மக்கள்தொகையின் சராசரி எடைக்கும்...' என்று தொடங்கிய வாக்கியம் அப்படியே படுத்துவிட்டது. எண்களுக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. எனக்கு உண்டு. ஆகவே ஒரு அக்காவை மேஜையில் உட்கார வைத்தேன்.

2

அக்கா சுகாதார அலுவலகத்தில் குமாஸ்தா. தடுப்பூசிப் படிவங்களைச் சரிபார்ப்பவள். உடல் எடை மிக அதிகமென்றால் முதல் வாரமே ஊசி; மற்றவர்களுக்கு எப்போதோ. இறந்தவர்கள் பட்டியலும் இவள் மேஜைக்குத்தான் வரும். அதில் எடைப் பத்தியைப் பார்த்தாலே ஏன் இந்த ஏற்பாடு என்று புரியும்.

புரிந்தும் பற்றிக்கொண்டு வந்தது. இவள் இருபது வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒல்லியாக இருப்பவள். தங்கையோ ஆசைப்பட்டதைச் சாப்பிட்டாள், வாய்விட்டுச் சிரித்தாள். வீடே அவளைச் சுற்றி உட்கார்ந்தது. இப்போது ஊசியும் அவளுக்கே முதலில்.

(அக்காவைக் கெட்டவளாக்குகிறேனோ? நல்லவளாக ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கதை கொட்டாவி விட்டது.)

3

தங்கையின் படிவம் வந்தது. எடை: எழுபத்தெட்டு. அந்த எடைக்கு முதல் வாரம் கிடையாது. அக்கா போன் செய்தாள்.

"என்னடி, எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கே? போன மாசம் எங்க வீட்டு மெஷின்ல தொண்ணூத்தாறு காட்டுச்சே?"

தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"உன் கைக்குத்தான் வரும்னு தெரியும்க்கா. மறுபடியும் எல்லார் முன்னாடியும் பூசணின்னு கூப்பிட்டுச் சிரிப்பே. அதான். விடேன், என் முறை வரும்போது போட்டுக்கறேன்."

பூசணி. பத்து வயதில் அக்கா வைத்த பெயர். அப்பா தங்கையை மட்டும் தோளில் தூக்கிக்கொண்ட அன்று.

4

முடிவு ஒன்று: அக்கா அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறாள். (அவள் மனசு எப்போது மாறியது? எனக்கே தெரியவில்லை.)

முடிவு இரண்டு: அப்படியே விட்டுவிடுகிறாள். தங்கையே விடச் சொன்னாள், யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் வாரம் வந்த பட்டியலில்...

இதை நான் முடிக்கப்போவதில்லை.

ஐந்து மணிக்குப் படிவக்கட்டை எடுத்துப் போய்விடுவார்கள். இப்போது நாலு ஐம்பது. பேனா திறந்திருக்கிறது. 'பாவம் பூசணி' என்று ஒரு கணம், 'எப்பவும் இவதானா' என்று மறுகணம். அந்த இரண்டாவது குரல் யாருடையது என்று கேட்டுவிடாதீர்கள். எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். எனவே என்னை நம்ப வேண்டாம். பத்து நிமிஷம் இருக்கிறது, நீங்கள் எழுதுங்கள்.