வரிசையில் ஒரு கோழி

கறிக்காரரின் வண்டி பண்ணை வாசலில் வந்து நின்றபோது என் மனைவி கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த விலைக்கு முட்டை வித்து எப்படிம்மா தாக்குப்பிடிப்பீங்க? கோழி எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன்" என்றார் கறிக்காரர். குரலில் அப்படி ஓர் உருக்கம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பக்கத்துப் பண்ணைகள் எல்லாம் இப்படித்தான் காலியாகி, கோழிகள் ராணுவச் சமையலறைக்குப் போயிருந்தன.

சண்டை தொடங்கியதும் அரசாங்கம் நோட்டை அச்சடித்துத் தள்ளியது. தீவன விலை மூன்று மடங்கானது. அதைப் பிடித்து நிறுத்த முடியாதவர்கள் முட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய விலைக்குத்தான் விற்க வேண்டும், மீறினால் பண்ணைக்குச் சீல். ஏழைகள் முட்டை சாப்பிட வேண்டுமாம். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது! ஆனால் முட்டையிடுகிற கோழியே குழம்பில் கொதித்தால் ஏழை எதைச் சாப்பிடுவான்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

"குடுத்துடலாம்டி" என்றேன். சீல் என்றாலே எனக்குப் பயம்.

"குடுத்துட்டு? நாளைக்கு நீங்க முட்டை போடுவீங்களா?"

வண்டி காலியாகவே திரும்பியது.

அன்று வானொலியில் உத்தரவை மறுபடி வாசித்தார்கள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சாப்பிடுகிற முட்டைக்குத்தான் விலை. குஞ்சு பொரிக்க அடைவைக்கிற முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் பலகையில் 'அடை முட்டை' என்று எழுதி, தீவனத்துக்குக் கட்டுபடியாகிற விலையைப் போட்டாள். வெயில் ஏறுவதற்குள் கூடை காலி. பூட்டுக்காரர், தையல்காரி, கணக்கு வாத்தியார் எல்லோரும் குஞ்சு பொரிக்கப் போகிறார்களாம்! எங்கள் பண்ணையில் சேவலே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். சிரிப்பும் பயமுமாக நான் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் ஓடியது. பிறகு விலைக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார்.

"ஊர்ல ஒருத்தர் வீட்லயும் கோழி இல்ல, அடை முட்டை எதுக்கும்மா? இனிமே கையில அடைக்கோழியோட வர்றவங்களுக்குத்தான் விக்கணும். நாளைக்கு நானே வந்து நிப்பேன். மீறினா பூட்டுதான்."

அவர் போனதும் நான் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். "கறிக்காரருக்குச் சொல்லி அனுப்பறேன்."

"அனுப்புங்க. அவர் வண்டியிலயே நீங்களும் ஏறிப் போயிடுங்க" என்றாள். கொட்டகைக்குள் போய், யாரையும் கொத்தாத பழுப்புக் கோழியைத் தூக்கி வந்து மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். முகத்தைப் பார்த்தேன். இனி அந்தக் கடவுளே வந்தாலும் அவளை அசைக்க முடியாது.

காலையில் அதிகாரி பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார். முதல் ஆளாகத் தையல்காரி வந்தாள், கையில் எங்கள் பழுப்புக் கோழி. முட்டையை வாங்கிக்கொண்டு கோழியைப் பின்னால் நின்ற பூட்டுக்காரரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு வாத்தியாரிடம் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. தெருமுனை வரை நின்ற வரிசையில் அந்த ஒரே கோழி கை மாறி மாறி வந்துகொண்டிருந்தது. அதிகாரியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் அவர் போட்ட உத்தரவு இம்மி பிசகாமல் நடந்துகொண்டிருந்ததே, என்னவென்று தடுப்பார்?

கடைசி ஆளும் போனபின் கூடையில் கொஞ்சம் முட்டை மிச்சமிருந்தது. கோழி மனைவியிடம் திரும்பியிருந்தது.

"சேவல் எங்கம்மா?" என்றார் அதிகாரி தணிந்த குரலில்.

"சண்டைக்குப் போயிருக்கு சார்" என்றாள் என் மனைவி.

அவர் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கோழியை அவரிடம் நீட்டினாள். அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினார்.