துரை ஜீப்பின் மிச்சம்

தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவிலிருந்து வந்த பொருள் கெட்டதாக இருக்காது என்பது மேல் டிவிஷன் தொழிலாளர் லயத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். துரைமார் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், இந்த நம்பிக்கை மட்டும் மாறவில்லை. ஐயாவு வீட்டு ஜன்னல் திரை பங்களாவில் கழித்துப் போட்டது. அவர் மனைவி ஜீவராணி சீனி கொட்டி வைத்திருக்கும் டின் பங்களாவில் பிஸ்கட் தின்றுவிட்டு எறிந்தது. ஆகவே, அடுத்த சுவர்க் காம்பராவில் குடியிருக்கும் சதீஸ் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒயில் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஐயாவு அதை இரண்டு கையாலும் வாங்கினார். சதீஸ் பங்களா டிரைவர்.

"தொரையோட புது ஜீப்புக்கு ஊத்துன மிச்சம் மாமா. சாமான் எல்லாம் கொழும்புல இருந்து வந்தது. ஒங்க பைக்குக்கு ஊத்திப் பாருங்க, பறக்கும்" என்றான் சதீஸ்.

பைக்குக்கு என்ன குறை என்று கேட்டால், ஒரு குறையும் இல்லை. இருபத்தைந்து வருடப் பழசு. ஆனால் போன வாரம் வரை நடந்த இரண்டு பாடப் பரீட்சைக்கும் மகள் சசியைச் சுமந்துகொண்டு மொட்டைக்கல் ஏற்றத்தை முனகாமல் ஏறியிருந்தது. மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் இரசாயனவியல். சசி உயர்தரப் பரீட்சை எழுதுவது இது மூன்றாவது தரம், மூன்றுக்கு மேல் விடமாட்டார்கள். போன தரம் பல்கலைக்கழகக் கெம்பஸ் வாசல் வரைக்கும் போய், கொஞ்சப் புள்ளியில் நழுவிப் போனது. இந்தத் தரமும் போனால் தாயைப் போலக் கொழுந்துக் கூடைதான். ஐயாவுவால் மகளுக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுக்க முடியாது. ஒயில் மாற்ற முடியும். அதைச் செய்தார். பழைய ஒயிலை ஒரு சொட்டு விடாமல் வடித்து, புதியதைத் தேன் ஊற்றுவதுபோல் ஊற்றினார். மீந்ததை ஒரு போத்தலில் அடைத்து, அவசரத்துக்கு உதவும் என்று பைக் பெட்டிக்குள் வைத்தார்.

மழையில் ஆற்றுப் பாலம் இடிந்ததிலிருந்து மேல் டிவிஷனுக்கு பஸ்ஸும் வருவதில்லை, ஆட்டோவும் வருவதில்லை. பலகை போட்டிருக்கிறார்கள், இரண்டு சக்கரம் மட்டும் தாண்டும். அதைத் தாண்டி மொட்டைக்கல் ஏற்றம் ஏறி, அந்தப் பக்கம் சந்திக்கு இறங்கினால்தான் பலாங்கொடை பெரிய ரோட்டு. பரீட்சை எட்டரைக்கு. ஆறரைக்கே புறப்பட்டார்கள். முக்கால் மணித்தியாலப் பயணத்துக்கு இரண்டு மணித்தியாலம் கையில் இருந்தது. ஜீவராணி மகளின் நெற்றியில் திருநீறு பூசி, அதே கையால் பைக்கின் முன்விளக்கிலும் ஒரு கீற்று இழுத்துவிட்டாள்.

மூன்றாவது வளைவில் எஞ்சின் திடீரென்று வீறிட்டது. சத்தம்தான் ஏறியது, பைக் ஏறவில்லை. ஐயாவு எக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினார். எஞ்சின் இன்னும் கத்தியது. பைக்கோ நடந்து போகிறவனும் முந்திவிடுகிற வேகத்தில் இழுபட்டு நின்றே போனது.

சசி இறங்கி மேலே பார்த்தாள். உச்சிக்கு ஒன்றரை மைல் இருந்தது.

"அப்பா, நடந்துருவோமா?"

"அஞ்சு நிமிசம் இரு தங்கம். கிளச் வழுக்குது. கேபிள்தான் இறுகியிருக்கும்."

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. கேபிள் இறுக்கமாக இருந்தால் கிளச் முழுதாகப் பிடிக்காது. குறடு ஒன்றை எடுத்துக் கேபிளைத் தளர்த்தினார். கைப்பிடி நன்றாக ஆடியது. மகளை ஏற்றிக்கொண்டு கிளப்பினார். முப்பது யார் ஓடியது. பிறகு மறுபடி அதே வீறிடல்.

அடுத்து, பெரிய கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டு, கிளச்சைச் சட்டென்று விட்டுப் பார்த்தார். கிளச் நல்லதாக இருந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் இரைந்துகொண்டிருந்தது. கிளச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார். நேற்று வரை இருந்த பிளேட் ஒரே ராத்திரியில் எப்படித் தேயும்? அதை யோசித்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். யோசித்தார்தான், ஆனால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருளாக அவருக்கு அந்த ஒயில் இருந்தது. அதனால் வேறு மாதிரி யோசித்தார். ஒயில் குறைவாக ஊற்றிவிட்டேனோ, சூடேறித்தான் இப்படிச் செய்கிறதோ?

பெட்டியைத் திறந்து, போத்தலில் இருந்த மிச்சத்தையும் ஊற்றினார்.

அதன்பிறகு பைக் ஆளில்லாமலும் ஏற மறுத்தது. சதீஸைக் கூப்பிடலாம் என்றால், அவன் விடியுமுன்னே துரையை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தான். ஐயாவு மணி பார்த்தார். ஐந்து நிமிடம் என்று சொன்னது முப்பத்தைந்து நிமிடமாகியிருந்தது.

"விட்டுட்டு வாங்கப்பா" என்றாள் சசி. குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

விடவில்லை. உச்சிக்குப் போய்விட்டால் அந்தப் பக்கம் எஞ்சின் இல்லாமலே உருண்டு இறங்கலாம், கீழே நடப்பது மிச்சம் என்று கணக்குப் போட்டார். அவர் முன்னால் இழுக்க, சசி பரீட்சைக்குப் போட்ட வெள்ளை உடுப்போடு பின்னால் தள்ள, ஒன்றரை மைலும் ஏறினார்கள். அவளுடைய பேனாக்களும் அடையாள அட்டையும் இருந்த கண்ணாடி பிளாஸ்டிக் பையை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். சந்திக்கு வந்து ஷிஹாப் நானாவின் கராஜ் வாசலில் பைக்கைச் சாய்த்து, கிளச்சைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடியபோது, ஒரு பஸ் கண்ணெதிரே போனது. அடுத்தது வர இருபது நிமிடம். அதுவும் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நின்றுதான் போனது.

எட்டரைக்குப் பிறகு அரை மணித்தியாலம் வரை மண்டபத்துக்குள் விடுவார்கள். அவர்கள் கேட்டுக்குப் போனபோது ஒன்பது பத்து.

"பரக்குய் மாத்தயா" என்று, பிந்திவிட்டதைச் சிங்களத்தில் சொன்னான் காவலுக்கு நின்றவன். நல்லவன்தான். உள்ளே போய்க் கேட்டுவிட்டும் வந்தான். இல்லை என்று தலையை ஆட்டினான். ஐயாவு சிங்களத்தில் கெஞ்சினார், தமிழில் கெஞ்சினார், கடைசியில் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். உள்ளே மின்விசிறிகளுக்குக் கீழே குனிந்த தலைகள் தெரிந்தன. சசி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கப்பா. எல்லாரும் பாக்கிறாங்க."

பஸ் பிடித்துச் சந்திக்குத் திரும்பினார்கள். கராஜில் ஷிஹாப் நானா கிளச் மூடியைக் கழற்றி, பிளேட்டுகளை ஒரு தட்டத்தில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். சசி மூலையிலிருந்த மர வாங்கில் உட்கார்ந்து, பேனாப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிளேட் தேஞ்சிட்டுதா நானா?" என்று கேட்டார் ஐயாவு. ஆம் என்ற பதிலுக்காக மனதுக்குள் சாமி கும்பிட்டார். தேய்மானம் என்றால் அது யாருடைய குற்றமும் இல்லை.

"பிளேட்ல ஒண்டும் இல்ல. இன்னும் ரெண்டு வருசம் ஓடும்." நானா ஒரு பிளேட்டை எடுத்து விரலால் தேய்த்தார். "இது என்ன ஒயில் அண்ணே ஊத்தின?"

"நல்ல ஒயில்தாங்க நானா. தொரையோட ஜீப்புக்கு..."

"யா அல்லாஹ்! கார் ஒயிலையா ஊத்தின? கார்ல கிளச் வெளிய தனியா ஈக்கிது. அதுக்கு ஒயில் படாது. பைக்ல கிளச் எஞ்சின் ஒயிலுக்குள்ளயே முழுகி ஈக்கிது. அந்த ஒயில் வழுக்கணும் எண்டே செஞ்சது. வழுக்காம என்ன செய்யும்? சாதா பைக் ஒயில் இருந்தா உன்ட வண்டி தங்கமா ஓடும்."

ஐயாவு மகளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள் கேட்டிருப்பாள், நானாவுக்குக் குரல் பெரிசு. போத்தல் மிச்சத்தையும் ஊற்றியதை அவர் நானாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன? என் கையாலேயே செய்தேனே, என் கையாலேயே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டார். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் காற்சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒயில் போகவில்லை.

நானா பிளேட்டுகளைப் பெற்றோலில் கழுவித் துடைத்துப் பூட்டி, புது ஒயில் ஊற்றிக் கொடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. பரீட்சை முடிந்த பிள்ளைகள் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சசியோடு படித்த ஒருத்தி தூரத்திலிருந்தே கையசைத்து, "பேப்பர் லேசுதானே?" என்று கத்தினாள். சசியும் கையசைத்தாள்.

வீட்டுக்குத் திரும்ப அதே மலையை இந்தப் பக்கமாக ஏற வேண்டும். ஐயாவு கிளச்சை விட்டார். பைக் பிடித்த பிடியில் முன்னே பாய்ந்தது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. ஒரு தடவையாவது வழுக்கித் தொலையேன் என்று அவர் பைக்கைக் கெஞ்சினார். பிளேட்டும் போய்விட்டது, எப்படியும் இது நடந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன வழி கிடைக்காதா என்று ஏங்கினார். அது இரண்டு பேரையும் சுமந்துகொண்டு, எஞ்சின் அலட்டாமல், நேற்று வரை ஏறியதுபோலவே ஏறியது.

"இப்ப நல்லா ஏறுதுங்கப்பா" என்றாள் சசி, முதுகுக்குப் பின்னால்.

அவர் எக்ஸிலேட்டரை முறுக்கினார். கண்ணீரில் ரோட்டு கலங்கியது. உச்சியைத் தாண்டியதும் கீழே பலகைப் பாலமும், அதற்கப்பால் லயத்துத் தகரங்களும் தெரிந்தன. வாசலில் ஜீவராணி நின்றுகொண்டிருப்பாள்.

"அப்பா, கொழுந்து எடுக்க என் பேரப் பதியச் சொல்லி கணக்கப்புள்ளகிட்ட நீங்க சொல்றீங்களா? இல்ல நாளைக்குக் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து நானே சொல்லிக்கிறவா?"