மிஷின் இருந்த இடம்

அன்று காலையில் ஆபீசர் சாப்பாட்டு மேசையின் காலில் நெற்றியை இடித்துக்கொண்டது மூன்றாவது முறை. சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. அக்கா கையில் பால் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தாள். பதினோரு வயது நாய், நரைத்த முகவாயும் தொங்கிய காதுமாக, தெரியாமல் யார் காலையோ மிதித்துவிட்டவர் மாதிரி வாலை லேசாக ஆட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றிருந்தது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படிக் கேட்டதை நினைத்து நினைத்துப் பிறகு எத்தனையோ நாள் மனசுக்குள் குமைந்தாள்.

ஆபீசர் என்ற பெயர் தங்கை வைத்தது. குட்டியாக வந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்கு வருகிறவர்களின் செருப்பு, பை, கால்சட்டை மடிப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் முகர்ந்து சோதித்து, திருப்தியானால் மட்டும் வழிவிட்டு விலகி நிற்கும். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதை யாரும் அது இது என்று சொன்னதில்லை. ஆபீசர் எழுந்துவிட்டார், ஆபீசர் சாப்பிட்டார், ஆபீசருக்கு இன்றைக்கு மனசு சரியில்லை. நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம். நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

வீட்டில் இருந்தது அக்காவும் தங்கையும்தான். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு, கண்ணாடிக்கடையில் பார்வை சோதிக்கிற வேலை. தங்கைக்கு ஐம்பத்தொன்று, கூடத்து ஜன்னலோரம் மிஷின் போட்டு யூனிபார்ம் தைத்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு பேரையும் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் பல வருஷமாகிவிட்டது என்று அக்கா நினைத்திருந்தாள். அப்போதுதான் மனைவியை இழந்த பஸ் டிரைவர் ஒருவர் காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்தார். தோள்பட்டை இறுக்கம் என்று மூன்று தடவை திருப்பிக்கொண்டு வந்தார். நான்காவது தடவை கையில் சட்டை இல்லாமலே வந்தார். ஆபீசர்கூட அவரை இரண்டு நிமிஷத்தில் சோதித்து விட்டுவிட்டார் என்பதில் அக்காவுக்குத் தனிக் கோபம்.

போன மாதம் அவரைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கை கிளம்பினாள். கொண்டுபோனது ஒரு பெட்டியும் மிஷினும் மட்டும். வாசலில் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, "ஆபீசரை நான் கூட்டிட்டுப் போகட்டுமாக்கா?" என்று கேட்டாள். "அவரையாவது விட்டுட்டுப் போ" என்றாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கை போன் செய்வாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், ஆபீசர் எப்படி இருக்காரு, அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்காரு. வைத்துவிடுவார்கள்.

தங்கை போன மூன்றாம் நாள் அக்கா வீட்டையே புரட்டிப் போட்டாள். ஜன்னலோரம் மிஷின் நின்ற இடம் வெறிச்சென்று கிடந்தது. காலைக் காபி குடிக்க உட்கார்ந்தால் கண் நேரே அங்கேதான் போனது. சாப்பாட்டு மேசையை இழுத்து அந்த இடத்தில் போட்டாள். சோபாவை எதிர்ச்சுவருக்குத் தள்ளினாள். தங்கையின் கட்டிலை நிமிர்த்தி அவள் அறைச் சுவரில் சாத்தினாள். இடுப்பு இரண்டு நாள் எழுந்திருக்க விடவில்லை. ஆனாலும் வீடு வேறு யாருடைய வீடோ மாதிரி இருந்ததில் ஒரு நிம்மதி.

அதே வாரத்தில்தான் ஆபீசர் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். இடம் மாறிப்போனதில் முறைத்துக்கொள்கிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். தண்ணீர்க் கிண்ணத்தை நாளைக்கு நாலு தடவை காலி செய்தார். சாப்பிட்டு முடித்த தட்டைச் சமையலறை முழுக்கத் தள்ளிக்கொண்டு போய் நக்கினார். தங்கை போன ஏக்கத்தில் சிலருக்குச் சாப்பாடு இறங்காது, இவருக்கு அதிகமாக இறங்குகிறது போல என்று நினைத்து இன்னொரு கரண்டி கூடவே வைத்தாள். எல்லாவற்றுக்கும் கையோடு ஒரு காரணம் இருந்தது.

மூன்றாவது முறை இடித்துக்கொண்ட அன்று காலை அக்கா வழக்கம்போல ரொட்டித் துண்டு ஒன்றைத் தூக்கிப் போட்டாள். பதினோரு வருஷத்தில் ஆபீசர் ஒரு துண்டைக்கூடத் தரையில் விழவிட்டதில்லை. அது அவர் மூக்கில் பட்டுத் தரையில் விழுந்தது. அவர் திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினார். பிறகு தரையை முகர்ந்து முகர்ந்து தேடினார். துண்டு அவருடைய முன்னங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷமாக எதிரில் உட்காருகிறவர்களிடம், எது தெளிவா இருக்கு, முன்னால போட்டதா, இப்ப போட்டதா என்று கேட்டு வருகிறவள் அவள். ஒருவர் நாற்காலியை எப்படித் தடவி உட்காருகிறார் என்பதை வைத்தே பவர் சொல்லிவிடுவாள் என்று கடையில் அவளுக்குப் பேர்.

கால்நடை மருத்துவமனையில் இளவயது டாக்டரம்மா ஆபீசரின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு பஞ்சு உருண்டையை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்து, சத்தமில்லாமல் கீழே விட்டாள். பஞ்சு மெதுவாக விழுந்தது. ஆபீசரின் தலை அசையவில்லை. அவர் டாக்டரம்மாவின் மணிக்கட்டைச் சோதிப்பதில் மும்முரமாக இருந்தார். இரண்டாவது பஞ்சை எடுத்தபோது, "போதும்மா" என்றாள் அக்கா.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி இன்னொரு சோதனையும் செய்தார்கள். கண்ணோரம் மெல்லிய கம்பி வைத்துப் பார்த்ததில் காகிதத்தில் நேர்கோடு ஒன்றுதான் வந்தது. டாக்டரம்மா அதைக் காட்டி நிதானமாக விளக்கினாள். "கண்ணு பாக்க நல்லாத்தான் இருக்கு. பின்னால இருக்குற திரைதான் நின்னு போச்சு. வயசான நாய்ங்களுக்குச் சில சமயம் இப்படித் திடீர்னு வரும். தாகம், பசி எல்லாம் இதோட சேர்ந்ததுதான். வலி இருக்காது. மருந்து எதுவும் இல்லீங்க."

"நான் இன்னும் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

"அப்பவும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. நீங்க அதை நினைச்சு மருகாதீங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க, வீட்டுல சாமான் எதையும் இடம் மாத்தாதீங்க. எது எங்க இருக்குன்னு அவங்க மனசுல அப்படியே வெச்சிருப்பாங்க. அதை வெச்சே நடந்துக்குவாங்க."

அக்கா தலையாட்டினாள். மாற்றியாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்த ஆபீசர் கூடத்தின் நடுவில் போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான். ஒரு பக்கம் போனால் மேசை, மறுபக்கம் சோபா. முன்னங்காலைத் தூக்கி, எங்கே வைப்பது என்று யோசித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். மறுநாள் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. குட்டியாக இருந்தபோதுகூட வீட்டுக்குள் அப்படிச் செய்யாதவர், வெட்கப்பட்டு ஈரத்தின் மேலேயே படுத்துக்கொண்டார். துடைத்துவிடும்போது அவர் உடம்பு நடுங்கியது. கண் போனதைவிட வீடு காணாமல் போனதுதான் அவரை நடுங்க வைக்கிறது என்று அக்காவுக்குப் புரிந்தது. அந்த வீட்டைக் காணாமல் அடித்தது அவள்தான். இப்படியே விட்டால் இனி அவர் நடக்கவே மாட்டார்.

கடைக்கு லீவு சொன்னாள். மேசையை இழுத்துச் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் பழைய இடத்தில் போட்டாள். தரையில் காலடையாளம் இருந்ததால் சிரமமில்லை. சோபாவும் அப்படித்தான். தங்கையின் அறைக்குள் போனதும் திகைத்து நின்றாள். கட்டில் எந்தப் பக்கம் இருந்தது? அதன் கால்களுக்கு ரப்பர் போட்டிருந்ததால் தரையில் ஓர் அடையாளமும் இல்லை. இத்தனை வருஷமாகப் பக்கத்து அறை. சாப்பிட வா என்று வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். உள்ளே ஒரு தடவையாவது சரியாகப் பார்த்திருக்கிறாளா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லியே?"

"ஒண்ணுமில்ல. உன் கட்டில் எப்படிப் போட்டிருந்துச்சு?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. "ஏன், ரூமுக்கு யாராவது வர்றாங்களா?"

"ஆபீசருக்குக் கண்ணு போச்சு."

"எந்தக் கண்ணு?"

"ரெண்டும்."

என்கிட்ட விட்டிருந்தா என்று தங்கை சொல்லுவாள் என அக்கா காத்திருந்தாள். சொல்லட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தங்கை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஜன்னலுக்கு நேர் கீழ. பக்கச் சுவத்துலேர்ந்து ஒரு சாண் விடணும், அவரு அந்தச் சந்து வழியாத்தான் போவாரு. தலைமாட்டுச் சுவத்துல எண்ணெய்க் கறை இருக்கும் பாரு, அது என் தலை படற இடம். கால்மாட்டுல, தரையில போர்வைய நாலா மடிச்சுப் போடு. கதவை முழுசாச் சாத்தாத."

"கதவு எதுக்கு?"

"விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு உன் ரூம் வாசலுக்கு வருவாரில்ல, உன்னைப் பாக்க. நீ மூச்சு விடுறத நின்னு கேட்டுட்டுத் திரும்பி வந்து படுப்பாரு. தினம் நடக்குறதுதானே. உனக்குத் தெரியாதா?"

அக்காவுக்குத் தெரியாது. "தெரியும், தெரியும்" என்றாள்.

"மிஷினை வேணா திருப்பிக் கொண்டாந்து வெச்சிரட்டுமாக்கா?"

"பைத்தியமா உனக்கு? அது உன் பொழப்பு."

"யூனிபார்ம் சீசன் முடியட்டும், வந்துர்றேன். இன்னும் ஒரு மாசம்."

"சரி" என்றாள் அக்கா. போனை வைத்த பிறகும் மிஷின் மறுபடி ஓடுகிற சத்தம் காதிலேயே இருந்தது.

கட்டிலைத் தனியாகவே இறக்கினாள். சாத்தி வைத்திருந்தது சரியாக அந்தக் கறையின் மேல்தான். உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக இருந்தது. ஒரு சாண் அளந்து விட்டாள், போர்வையை நாலாக மடித்துப் போட்டாள். ஆபீசரை அறை வாசலில் கொண்டுபோய் விட்டதும் அவர் மூக்கை நீட்டினார். சந்து வழியாக, எங்கும் உரசாமல் போய், போர்வையை மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தார். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அக்கா தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். கேட்க ஆளில்லாத வீட்டில் அழுவதில் ஒரு சௌகரியம் உண்டு.

மறுநாள் விடியலில் நகம் தரையில் படும் சத்தம் கேட்டு அவளுக்கு விழிப்பு வந்தது. தலையணையிலிருந்தே கூடம் தெரிந்தது. ஜன்னலில் வெளுப்புத் தட்டியிருந்தது. ஆபீசர் தங்கையின் அறையிலிருந்து வெளியே வந்தார். சோபாவை ஒட்டி நிதானமாக நடந்தார். ஜன்னலோரம் வந்ததும் நின்றார். அங்கே எதுவுமே இல்லை. மிஷின் நின்ற நான்கு அடையாளமும் வெறும் தரையும்தான். அவர் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, மிதிகட்டை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் விலகி, இல்லாத மிஷினைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

கூப்பிட்டு நேர்வழியில் வரச்சொல்லலாமா என்று அக்காவுக்கு வாய்வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை. ஆபீசர் அவள் அறை வாசலில் நின்று காதை உயர்த்தினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே மூச்சை இழுத்து விட்டாள். அவர் கேட்டார். திருப்தியானதும் திரும்பி, வந்த வழியே, அதே வளைவில் போனார்.

சற்றுக் கழித்து அவள் எழுந்தாள். அவருடைய தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். ஜன்னலோரம் வந்தபோது கால் தயங்கியது. கிண்ணத்து மிச்சத் தண்ணீர் தளும்பாமல், புடவைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளும் சுற்றிக்கொண்டு போனாள்.