கடைசி ரயிலுக்கு வைத்த வேட்டு

அன்று மாலை தூறியதா என்பதில் ஆம்ப்ரோஸுக்கு இப்போது உறுதியில்லை. எனிட்டின் கோட்டு ஈரமாக இருந்ததாக நினைவு. அது வேறொரு நாளாகவும் இருக்கலாம்.

ஹார்ல்கம் நிலையத்தை மூடும் உத்தரவு வசந்தத்தில் வந்தது. அங்கே பயணச்சீட்டு கொடுப்பது, மூட்டை தூக்குவது, விளக்கேற்றுவது எல்லாம் ஆம்ப்ரோஸ்தான். அவரை வேறு நிலையத்துக்கு மாற்றினார்கள். இன்னொரு ரயில்வே வீட்டில் தன்னால் குடியிருக்க முடியாது, அக்காவிடம் போகிறேன் என்று மனைவி எனிட் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள். சரி என்றார். போகாதே என்று சொல்ல நினைத்தே கோடை முழுக்கப் போனது.

கடைசி ரயிலில் அவள் ஏறினாள்.

மூடுபனியில் சிக்னல் தெரியாதபோது தண்டவாளத்தின் மேல் வெடிவில்லை வைப்பார்கள். சக்கரம் ஏறி வெடித்ததும் ஓட்டுநர் ரயிலை நிறுத்த வேண்டும். ஒரு பாதையின் கடைசி ரயிலுக்கு மட்டும் அதுவே வழியனுப்பும் வேட்டு. யாரும் நிறுத்த மாட்டார்கள். பாதை பராமரிக்கும் பெர்ஸி மீந்திருந்ததையெல்லாம் நடைமேடை முனையிலிருந்து வரிசையாக வைத்தார்.

"உன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சத்தம் இருந்திருக்காதுப்பா" என்றார்.

வழக்கமான ஓட்டுநர் காய்ச்சலில் படுத்தது இருவருக்கும் தெரியாது. அவருக்குப் பதிலாக வந்த இளைஞன் முதல் வெடிக்கே பிரேக் போட்டான். கடைசிப் பெட்டி நடைமேடையை ஒட்டி நின்றது.

எனிட் சன்னலை இறக்கினாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பெர்ஸி வெச்ச வேட்டு. டிரைவர் புதுசு."

"நீதான் நிறுத்தினியோன்னு நெனச்சேன்."

அவள் சன்னலை ஏற்றவில்லை. அவர் அவளுடைய கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொத்தான் இல்லை.

"யோவ், பாதை சரியா இருக்கா இல்லையா?" முன்னாலிருந்து ஓட்டுநர் கத்தினான்.

பாதை சரியாகத்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கு ஆம்ப்ரோஸுக்குப் பழகிய பதில் ஒன்றுதான். கை பச்சைக் கொடியை உயர்த்தியது. மிச்ச வெடிகள் வரிசையாக வெடித்தன. கடைசி வெடி வரைக்கும் அவர் கொடியை இறக்கவில்லை.

பெர்ஸி அதே தண்டவாளத்தைப் பெயர்க்கும் கூலி வேலைக்குச் சேர்ந்தார், பிறகு பண்ணையொன்றில் இறந்தார். எனிட் அக்காவோடு பிரிஸ்டலில் வாழ்ந்து அங்கேயே அடங்கினாள். ஹார்ல்கம் நிலையத்தை ஒரு பல்மருத்துவர் வாங்கி வீடாக்கினார். ஆம்ப்ரோஸ் மாற்றலாகிப் போன நிலையத்தையும் மூடிவிட்டார்கள். அவர் கடைத்தெருவில் மாடியறை ஒன்றில் இருக்கிறார்.