இடது முழங்காலுக்கு ஏற்ற இருக்கை

1

இது கதையாகத் தொடங்கியதல்ல. இலவசப் பயணம் தருவதாக வரும் மோசடி மின்னஞ்சல்களை அடையாளம் காண ஐந்து அறிகுறிகள் என்று ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார் ஆசிரியர். நான்காவதை எழுதிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டிலிருந்து அக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மாடி அறைக்கு வந்தாள். ஐந்தாவது இன்னும் வரவில்லை. ஆசிரியர் இதைப் படிக்க நேர்ந்தால், காரணம் இதுதான் ஐயா.

2

எப்படித் தொடங்குவது?

"அந்த மின்னஞ்சல் ஒரு பிற்பகலில் வந்தது, விதியைப் போல—" [விதி முன்கூட்டி அறிவித்துவிட்டு வருவதில்லை. நீக்கம்.]

"உலகில் இரண்டே வகை மனிதர்கள். இலவசத்தை நம்புகிறவர்கள், மற்றும்—" [மற்றவர்களைத் தேடிப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை.]

"அக்காவுக்குக் கடலோர நகரம் ஒன்றுக்கு இலவசப் பயணம் கிடைத்தது." இது இருக்கட்டும். உண்மையல்ல, ஆனால் அவள் அப்படித்தான் சொன்னாள்.

3

"டேய், எனக்குப் பரிசு விழுந்திருக்கு! ரெண்டு பேருக்கு, எட்டு நாள். கார்டு நம்பர் மட்டும் போடணும். எதுக்கும் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்."

ஒரு கையில் மடிக்கணினி. மறு கையில், அவள் சேமிப்பு முழுவதும் இருக்கிற வங்கிக் கணக்கின் அட்டை. நான் என் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு விசாரித்தேன்.

"உடனே பதில் போடுன்னு அவசரப்படுத்துறானா?"

"இல்லையே. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கன்னு போட்டிருக்கான்."

"விவரமெல்லாம் மொட்டையா இருக்கா?"

"விமானம் மாற மூணு மணி நேரம் விட்டிருக்கான். உங்க அத்தான்கூட அப்படித்தான் சொல்லுவார்."

"நீ எந்தப் போட்டியிலயாவது கலந்துகிட்டியா?"

"இருபத்தாறு வருஷமா இந்த வீட்டுல கலந்துகிட்டுத்தானேடா இருக்கேன்?"

(மூன்றாம் அறிகுறியைக் கட்டுரையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அது கொஞ்சம் தளர்ந்துவிட்டது.)

நான்காவது, அனுப்பியவரின் முகவரி. நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு எண்கள் வரிசைகட்டி நின்றன. காட்டினேன்.

"அத விடுடா. இதப் படி" என்று திரையைக் கீழே இறக்கினாள்.

'பயணிக்கு இடது முழங்காலில் வலி உண்டு. வலப்பக்க வரிசையில், நடைவழியை ஒட்டிய இருக்கை தரப்படும். இடது காலை நீட்டிக்கொள்ளலாம்.'

"என் முழங்காலப் பத்தி எந்தத் திருடன்டா இவ்வளவு கவலைப்படுவான்?"

கீழே போய் அத்தானிடம் காட்டினோம்.

4

அத்தானைப் பாத்திரமாக்குவதில் ஒரு சிக்கல். பயண முகவர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக டிக்கெட் போடுகிறவர். ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. எழுத்தாளன் வசதிக்காகச் செய்தது போல இருக்கிறதே என்று முதல் வரைவில் 'ஒரே ஒருமுறை ஏறியவர்' என்று மாற்றினேன். படித்துவிட்டு அத்தான் ஆர்வமாக, "எப்ப மாப்ளே?" என்றார். பழையபடியே வைத்துவிட்டேன்.

அவர் மின்னஞ்சலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"இது நான் போட்ட திட்டம்."

போன மாதம், அக்காவுக்கும் அவருக்கும் பொதுவான அந்த மின்னஞ்சல் முகவரிக்கு இதே பரிசு வந்திருக்கிறது. அதில் விமானம் மாற நாற்பது நிமிடம்தான்.

"நாப்பது நிமிஷத்துல பெட்டி மாறாது மாப்ளே, ஆள் எப்படி மாறுவான்? மனசு கேக்கல. பயணம் எப்படி இருக்கணும்னு ஒரு திட்டம் எழுதி அவனுக்கே அனுப்பிட்டேன்."*

"மோசடிக்காரனுக்கா?"

"மோசடின்னு பாத்ததுமே தெரிஞ்சுது. அதுக்காக நாப்பது நிமிஷமா?"

* வாசகர் கவனிக்க: இப்படிப்பட்ட மின்னஞ்சலுக்குத் திட்டிக்கூடப் பதில் எழுதக் கூடாது. அந்த முகவரியில் ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். இங்கே, வேலை தெரிந்த ஆள் இருப்பதே தெரிந்துவிட்டது.

5

முடிவு அ: அக்கா எண்ணைக் கொடுத்துவிடுகிறாள், கணக்கு காலி. [எனக்கு அழுகைக் காட்சி வராது. தவிர, அவள் என்னிடம் கேட்டுவிட்டுத்தானே செய்ய வந்தாள்.]

முடிவு ஆ: மோசடிக்காரர்கள் அத்தானின் திறமையில் மயங்கி வேலைக்கு அழைக்கிறார்கள். [சம்பளம் எவ்வளவு என்று அத்தான் விசாரித்ததால் கைவிடப்பட்டது.]

நடந்தது வேறு. அக்கா அட்டையை மேசைமேல் வைத்தாள். கோபமாகக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்; கணக்கு வாத்தியார் போலக் கேட்டாள்.

"இதுல நேரம் பொய்யா?"

"இல்ல, சரியான நேரம்தான்."

"சீட்டு?"

"அதுவும் சரி. உன்னை நினைச்சுத்தான் எழுதினேன்."

"அப்ப எதுதான் பொய்?"

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "அனுப்புனவன்."

"அப்ப அதுக்கு ஒரு நல்ல ஆளாப் பாத்து அனுப்பச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

6

அத்தான் அந்த மின்னஞ்சலை அழித்தார். பிறகு எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை, அலுவலகத்தின் பதிவுப் பக்கத்தைத் திறந்து, பார்க்காமலே தட்டத் தொடங்கினார். ஊர்கள், மூன்று மணி நேர இடைவெளி, வலப்பக்க வரிசை, நடைவழி ஓரம். எல்லாம் மனப்பாடம். படிவத்தின் ஒரு கட்டத்தில் மட்டும் விரல்கள் நின்றன. மோசடிக்காரனுக்கு எழுதிய திட்டத்திலும் அதைக் காலியாகத்தான் விட்டிருந்தாராம்.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"இரு, லீவு பாக்கணும்..."

அக்கா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, இடது காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் மாடிக்கு வந்துவிட்டேன். இதை எழுதும் இந்த நிமிடம்வரை கீழே இருந்து விசைப்பலகைச் சத்தம் கேட்கவில்லை. நானாக அந்தக் கட்டத்தை நிரப்பினால், அதுவும் முன்பின் தெரியாதவன் அனுப்பிய பரிசாகிவிடும். உங்களுக்கு அத்தானைப் பற்றி இப்போது என் அளவுக்குத் தெரியும்.

புறப்படும் நாள்: ____________