இரண்டு விரல் அகலம்

போத்தனூரில் ரூபன் நடத்திவந்த டிங்கரிங் பட்டறைக்கு அந்த அம்பாசடர் வந்து இறங்கியபோது அதற்கு வலது பக்க முன் மட்கார்டே கிடையாது. இடது பக்கம் இருந்ததையும் இருந்தது என்று சொல்ல முடியாது. துரு தின்றதுபோக மிச்சத்தைப் பெயிண்ட்தான் பிடித்துக்கொண்டிருந்தது. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய எண்ணெய் மில் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்த வண்டி அது. புரோக்கர் மூலமாக அதை வாங்கியவர் அஃபான். உக்கடத்தில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எழுபதுகளில் வந்த மார்க் டூ வண்டியைக் கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கி, பழைய கார் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அதற்காக அவரே வடக்கே விசாரித்து, இரண்டு பக்கத்துக்கும் புது மட்கார்டுகளை லாரி சர்வீஸில் வரவழைத்திருந்தார். சாக்கைப் பிரித்துப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். ரூபனுக்கு அவ்வளவு இல்லை. புதுசாக அடித்த மட்கார்டு எதுவும் பழைய வண்டியில் எடுத்த எடுப்பில் உட்காராது என்பது அவனுக்குத் தெரியும்.

இடது பக்கம் அதிகம் சண்டித்தனம் செய்யாமல் வழிக்கு வந்தது. ஹெட்லைட் வட்டம் கொஞ்சம் முட்டையாக இருந்தது. சக்கரத்துக்கு மேல் வளைய வேண்டிய இடம் சோம்பிப்போய்த் தட்டையாகக் கிடந்தது. உள்ளே இரும்புக் கட்டையை அணைகொடுத்து, வெளியே சுத்தியால் தட்டித் தட்டி வளைவை மேலே கொண்டுவந்தான். தகடு உப்பி, அமுக்கினால் டப்பென்று சத்தம் போட்ட இடத்தில் கேஸ் வைத்து ஒரு பொட்டுமட்டும் சிவக்கக் காய்ச்சி, நாலு தட்டு தட்டி, ஈரத்துணியை ஒற்றினான். தகடு சுருங்கி இறுகிக்கொண்டது. கடைசியில் பருத்தித் துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துத் தடவிப் பார்த்தான். மேடு பள்ளம் தட்டுப்படவில்லை.

வலது பக்கம்தான் ஆளைச் சோதித்தது. பானெட்டோடு சேரும் விளிம்பு சரியாக இருந்தது. பம்பர் பக்கத்துப் போல்ட்டுகள் தானாக ஓட்டைக்குள் இறங்கின. ஆனால் பின் விளிம்பு கதவின்மேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஏறி நின்றது. அப்படியே முடுக்கினால் கதவைத் திறக்க முடியாது. கதவுக்கு இடம்விட்டு முன்னால் தள்ளினால் ஹெட்லைட் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

மட்கார்டு அடித்தவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே, ரூபன் இடது மட்கார்டின் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, அதைத் திருப்பிப் போட்டு வலது மட்கார்டின்மேல் வைத்தான். பிசகில்லாமல் பொருந்தியது. அப்படியென்றால் மட்கார்டில் குற்றமில்லை. எப்போதோ அடிபட்டு வண்டிதான் கோணியிருக்க வேண்டுமென்று அடியில் படுத்துக் குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்தான். வண்டி நேராகத்தான் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்று ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவன் சுபாவமே அப்படித்தான்.

பட்டறையில் பட்டி பார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் அவன் மனைவி அன்புச்செல்வி. அவள் வலது முன் கதவில் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை நிறுத்தி, எழுந்து போய் இடது கதவை முழம் போட்டாள். திரும்பி வந்து வலது கதவையும் முழம் போட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. இந்தக் கதவு அந்தக் கதவாட்டம் இல்லீங்க. இது அகலம் சாஸ்தி."

ரூபன் டேப் வைத்துப் பார்த்தான். கண்ணாடி வரைக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதற்குக் கீழே, இடுப்பளவுக்குக் கீழேமட்டும், வலது கதவு இரண்டு விரல் அகலம் கூடுதல். அவள் சுரண்டிய இடத்தில் மேலிருந்து கீழாகப் பித்தளை நிறத்தில் ஒரு கோடு ஓடியது. யாரோ ஒரு பட்டைத் தகட்டைச் சேர்த்துப் பற்றவைத்துக் கதவையே அகலமாக்கியிருந்தார்கள். கையால் தடவினால்கூடத் தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை.

உள்ளே மறைப்பு அட்டையைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. கதவின் கீல் பிடித்திருக்கும் பில்லரை அறுத்து முன்னால் தள்ளி, மேலே பட்டை கொடுத்து வரிசையாக ரிவெட் அடித்திருந்தது. கார் வேலை செய்கிறவர்கள் யாரும் அப்படி ரிவெட் அடிக்க மாட்டார்கள். அது பஸ் பாடி கட்டுகிறவர்களின் கை. கரூர்ப் பக்கம் வேலை பார்த்த யாராவதுதான் செய்திருக்க வேண்டுமென்று ரூபன் சொன்னான். டிரைவர் சீட்டுக்கு அடியிலும் பழைய ஓட்டைகளை அடைத்துவிட்டு, ஒரு சாண் பின்னால் தள்ளிப் புதிதாக ஓட்டை போட்டிருந்தது. முன்பு வண்டியில் இருந்த வலது மட்கார்டையும் இதற்குத் தக்கபடி வெட்டித்தான் மாட்டியிருப்பார்கள். அது காணாமல் போனதால்தான் இவ்வளவு குழப்பமும்.

சாயங்காலம் அஃபான் வந்தார். பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. வேறொரு அம்பாசடரிலிருந்து கதவும் பில்லரும் வெட்டி எடுத்து வந்து, கம்பெனி செய்த மாதிரியே மாற்றிவிடலாமா என்று கேட்டார். மாற்றலாம் என்றான் ரூபன். ஆனாலும் அவன் கை அந்த ரிவெட் வரிசையை விட்டு எடுபடவில்லை.

"மாத்திப்போடலாமுங்க பாய். ஆனா இவ்வளவு மெனக்கெட்டு எதுக்குச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்காம எனக்கு அறுக்கக் கை வராதுங்க."

சொல்லப்போனால் அஃபானுக்கும் அதே அரிப்புதான். மூவரும் டீயைக் குடித்துக்கொண்டு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஓட்டினவர் பனைமர உயரம் இருந்திருப்பார் என்றார் அஃபான். உயரத்துக்குக் கூரையைத் தூக்கத் தோன்றுமே தவிரக் கதவை அகலமாக்கத் தோன்றாது என்று ரூபன் மறுத்தான். பெரிய தொப்பைக்காரராக இருக்குமோ என்று அவனே கேட்டான். தொப்பைக்கென்றால் இடுப்புக்குக் கீழே எதற்கு இடம் என்று அன்புச்செல்வி ஒரே வார்த்தையில் அதை மூடிவிட்டாள். அஃபான் புரோக்கருக்குப் போன் போட்டார். வண்டியை விற்றது மில்காரர் வீட்டுப் பையன், வண்டி அவனுடைய அத்தை பேரில் இருந்தது, அந்த அம்மா இப்போதும் மில்லை ஒட்டிய வீட்டில்தான் இருக்கிறார், பெயர் மயிலாத்தாள் என்று புரோக்கர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ரூபனும் அன்புச்செல்வியும் அஃபானின் காரில் ஏறிக்கொண்டார்கள். பல்லடம், காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மில்லை யாருக்கோ குடோனாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். கூப்பிட்ட குரலுக்கு ஒரு அம்மாள் கைத்தடியோடு வெளியே வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. வலது கால் முழங்காலில் மடங்காமல் கோல் மாதிரி நேராக நின்றது. அதை அரைவட்டம் சுழற்றித்தான் அடுத்த அடி வைத்தார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்க வந்த கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

மயிலாத்தாள் அவர்களை உட்காரச் சொல்லி மோர் கொண்டுவரச் சொன்னார். கதவையும் ரிவெட் அடித்த பில்லரையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்று அஃபான் சொன்னார். ரூபனைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். பிறந்தது கொடுமுடிப் பக்கம் என்றான். இந்த மாதிரி வீடுகளில் அதற்கு அடுத்த கேள்வி என்னவென்று சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரியும். யார் ஊட்டுப் பையன் என்பார்கள். அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம் என்று தெரிந்ததும் பேச்சின் ஜாடை மாறும். அதற்கு அவன் தயாராக உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாள் அதைக் கேட்கவில்லை.

"அந்த ரிவெட்டு உள்ளுக்குள்ள இருந்துதே. எப்படிங்க தம்பி கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்.

ரூபன் மட்கார்டு ஏறி நின்றதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். முதலில் கண்டுபிடித்தது அன்புச்செல்விதான் என்றும் சொன்னான். அவர் நடுவில் பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

இருபத்துச் சொச்ச வயதில் முழங்கால் மூட்டில் டிபி வந்தது. ஆபரேசன் செய்து மூட்டை அசையாமல் சேர்த்துவிட்டார்கள். கால் பிழைத்தது, மடங்கவில்லை. அடுத்த வருஷமே அப்பா தவறிவிட்டார். தம்பி சின்னப் பையன். மில் இவர் தலையில் வந்து விழுந்தது. எள்ளும் கடலையும் வாங்கக் கரூர், கொடுமுடி, கோபி என்று அலைய வேண்டும். காரும் டிரைவரும் இருந்தார்கள். ஆனால் இவர் எந்த மண்டியில் என்ன விலை பேசினார் என்பது மறுநாளே டிரைவர் வழியாக ஊருக்குள் பரவிவிடும்.

"டிரைவர வெச்சுக்கிட்டு யாவாரம் பண்ண முடியலீங்க. நானே ஓட்டறதுன்னு முடிவு பண்ணிப்போட்டேன். ஓட்டறதுகூடப் பழகிக்கலாம். ஏறி உக்கார முடியலையே. இந்தக் கால உள்ள இழுத்தா, பாதம் அந்தப் பில்லர்ல போய் முட்டும்."

மில் லாரிக்குக் கரூரில் பாடி கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே பஸ் பாடி வேலையில் கெட்டிக்காரரான சீனிவாசலு என்ற ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த ஆள் சிரிக்கவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, காலை உள்ளே திருப்புகிற மாதிரி மெதுவாகத் திருப்பச் சொல்லி, பாதம் போன வழியெல்லாம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் பில்லரை நகர்த்தினார். இருபது வருஷத்துக்கு மேல் மயிலாத்தாள் அந்தக் காரை ஓட்டினார். இடுப்பும் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினார்.

இப்போது அதை என்ன செய்யட்டும் என்று அஃபான் தயங்கித் தயங்கிக் கேட்டார். மயிலாத்தாள் சாதாரணமாகச் சொன்னார். "உங்க வண்டிங்க. உங்களுக்கு எப்படித் தோதோ அப்படிப் பண்ணிக்குங்க. ஒரே ஒரு கொறதான் அதுல. மழை பேஞ்சா அந்தச் சந்துல தண்ணி எறங்கி என்ற கால் மேலயே சொட்டும். சீனிவாசலு எவ்வளவோ பாத்தாரு, நிக்கவே இல்ல."

திரும்பும் வழியில் காங்கேயத்தில் அஃபான் வண்டியை ஓரம்கட்டினார். "மட்கார்டையே வெட்டிருங்கண்ணா. அந்தக் கதவப் பிரிச்சுட்டா நான் வாங்குன வண்டியே இல்லாமப் போயிரும்னு தோணுது," என்றார்.

வெட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. வெட்டிய பிறகு பொருத்துவதுதான் பாடு. மட்கார்டு கதவை நெருங்க நெருங்க ஒடுங்கிக்கொண்டே போகும். கடைசி இரண்டு விரலை எடுத்துவிட்டால், ஒடுங்காத இடம் வந்து கதவுக்கு நேரே துருத்திக்கொண்டு நிற்கும். ரூபன் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டு, தகட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி அமுக்கி, மிகுந்ததை அறுத்து, ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுத் தட்டினான். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் எழும்பியது. பொறுமை போகும்போதெல்லாம் எழுந்துபோய் அந்தப் பித்தளைக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தான். தண்ணீர் இறங்கும் வழியையும் தேடினான். பில்லருக்கு மேலே கண்ணாடி முடியும் மூலையில், பட்டைக்கு அடியில் மறைந்து ஒரு நூல் இடைவெளி இருந்தது. மட்கார்டு போட்டபடியே இருந்தால் யார் கண்ணுக்கும் படாத இடம். வெட்டி எடுத்த தகட்டுத் துண்டையே சின்ன வாய்க்கால்போல வளைத்து அங்கே பற்றவைத்து, தண்ணீரை வெளிப்பக்கம் திருப்பிவிட்டான்.

கண்காட்சியில் அஃபானுக்குப் பரிசு கிடைக்கவில்லை. கம்பெனிக் கதவு இல்லை என்று நடுவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த வலது கதவுக்குப் பக்கத்தில் நின்ற கூட்டம் கலையவேயில்லை. ஒவ்வொருவருக்கும் அஃபான் முதலிலிருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் வீடு சேர்ந்தார்.

அடுத்த வாரம் மூவரும் அந்த அம்பாசடரிலேயே வெள்ளகோவில் போனார்கள். மயிலாத்தாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். மட்கார்டும் கதவும் சேரும் சந்தை விரலால் மேலிருந்து கீழே தடவினார். பிறகு சாவியைக் கேட்டார்.

அஃபான் ரூபனைப் பார்த்தார். ரூபன் தலையை ஆட்டவும் கொடுத்துவிட்டார்.

அவர் கைத்தடியை அன்புச்செல்வியிடம் தந்துவிட்டு, சீட்டில் சாய்ந்து, இடது காலை உள்ளே வைத்து, வலது காலை ஒரே சுழற்றாகச் சுழற்றினார். பாதம் பில்லரை ஒட்டி, எதிலும் இடிக்காமல், வாசல் நுழைகிற மாதிரி உள்ளே போயிற்று. ரூபன் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டான். மில்லுக்கு முன்னால் காலியாகக் கிடந்த களத்தில் வண்டி நகர்ந்தது. அவன் வெளியே பார்க்கவில்லை. அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆக்சிலேட்டரைக் கணுக்காலால் அழுத்தினார். பிரேக் பிடிக்க, முதுகைச் சீட்டில் ஊன்றி, இடுப்பிலிருந்து முழுக் காலையும் நகர்த்தி மிதித்தார். மிதிக்கும்போது உடம்பு முன்னால் சரிந்தது. களத்தை ஒரு சுற்றுச் சுற்றியதும் நிறுத்திவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எல்லாம் சரிங்க தம்பி. சீட்டுத்தான் வழுக்குது. முன்னால தூக்கலா இருந்துதே, அது எங்க?"

ரூபனுக்குச் சட்டென்று உறைத்தது. சீட்டுக்கு அடியில், முன்பக்கம், ஒரு மரக்கட்டை இருந்தது. யாரோ பிற்காலத்தில் முட்டுக் கொடுத்தது என்று நினைத்து அவனே கழற்றி அடுப்பெரிக்கப் போட்டிருந்தான். பில்லரையும் கதவையும் அவ்வளவு துருவிப் பார்த்தவன், அதை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அதயும் அவருதான் வெச்சதுங்களா?" என்றான்.

"ஆமாங்க. இல்லீனா பிரேக் புடிக்கறப்ப நான் கீழ வந்துருவேனல்லோ."

எவ்வளவு உயரம் இருந்தது என்று ரூபன் கேட்டான். மயிலாத்தாள் யோசித்துப் பார்த்தார். ஞாபகமில்லை, உட்கார்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். அன்புச்செல்வி அதற்குள் கொட்டகைக்குள் போய்விட்டிருந்தாள். மெலிசும் தடிப்புமாகக் கைநிறையக் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, காருக்குப் பக்கத்தில் தரையில் பரப்பினாள்.